திருமேனிகளும் சென்னைப் பொருட்காட்சிசாலையும்

தொண்டை நாட்டில் தேவாரம் பெற்ற தலங்கள் முப்பத்திரண்டு என்ப. அவற்றுள் ஒன்று திருமாகறல். காஞ்சிமாநகரினின்றும் உத்திரமேரூர் செல்லும் நெறியில், சேயாற்றின் வடகரையில் விளங்கும் இச்சிற்றூரில் எழுந்தருளியுள்ள பெருமானை ஆளுடைய பிள்ளையார் ஒரு பதிகத்தாற் பாடியருளினர். பொன்னிற உடும்பொன்று புற்றினுட் புக, அதனைத் தொடர்ந்த சோழ மன்னன் ஆண்டு இலிங்கத் திருவுருக் கண்டனன் என்பது தலவரலாறு. மூலமூர்த்தம் உடும்பின் வால்போற் குறுகிய வடிவினதாய் விளங்குதல் அவ்வரலாற்றொடு பொருந்தக் கூறப்படும். கோயிற் சுவர்களிற் சோழர் காலக் கல்வெட்டுக்களும் உள.

கல்லிற் பொறித்த எழுத்து நின்ற இடத்தே நிற்கும். அதனைக் கவர விரும்புவான் சுவரையே இடித்தல் வேண்டும். செம்பில் வார்த்த திருமேனியின் நிலை அத்தன்மைத்து அன்று. விழாக் காலத்துத் தெருவிற் போந்து, நோயாலும் மூப்பாலும் கோயிலுக்கு வரமாட்டாதார்க்கும் காட்சி வழங்குதற்பொருட்டே உற்சவ மூர்த்தம் எடுத்துச் செல்லுமாறு அமைக்கப்பெற்றது. தண்டு செருகும் துளைகள் பீடத்தில் இருத்தலை இன்றுங் காணலாம். அருள்பற்றி அமைந்த அவ்வியக்கமே பின்னர் அத்திருமேனிகட்கு இடராயும் முடிந்தது. வாகனத்திற் செல்லும் மூர்த்தியை வண்டியிலும் கொண்டு செல்லலாம், கப்பலிலும் ஏற்றலாம்.

காஞ்சியின் வரலாறே இதற்குச் சான்றாம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், ஔரங்கசீப்பின் படைக்கு அஞ்சி ஏகாம்பரநாதர், வரதராசர், காமாட்சியம்மை ஆகிய மூவர் திருவுருக்களும் மறைவாகத் தெற்கே உடையார்பாளையத்திற்குக் கொண்டு செல்லப்பெற்றன. வரதராசர் 1710-ஆம் ஆண்டில் மீண்டு வந்தனர். பொன்னுருவாகிய பங்காரு காமாட்சியம்மையோ மீண்டிலள். தஞ்சையிற் கோயில் கொண்டனள். பெயர்ந்த திருமேனி பெயர்ந்த இடத்தே வழிபாடு பெற்றமையின், அதனை இழப்பென்று கூறுவார் இலர். ஏனைய ஊர்களில் அவ்வாறு கொண்டுசெல்ல வலியற்றோர் மண்ணகழ்ந்து மூர்த்தங்களைப் புதைத்தனர். புதைத்தோர் மாண்டனர்; இடமும் மறந்தொழிந்தது. அத்திருமேனிகளின் பிற்கால வரலாறே பெரும்பான்மையும் சென்னைப் பொருட்காட்சிசாலையின் வரலாறாகும்.

அச்சாலை சமயத்தைக் கருதித் தோன்றியதன்று. 1812-ஆம் ஆண்டிற் சென்னையில் நிறுவப்பெற்ற இலக்கியச் சங்கத்தார் 1846-ஆம் ஆண்டளவில் ஒரு காட்சிசாலை வேண்டுமென விண்ணப்பித்தனர். கவர்னராகிய சர் ஹென்றி பாட்டிஞ்சர் முயற்சியாற் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் இசைந்தனர். 1851-ஆம் ஆண்டில், கல்லூரிச் சாலையில் அமைந்த செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டிடத்தின் மேன்மாடத்தில், எட்வர்ட் பால்பர் என்னும் மருத்துவர் பொறுப்பில் அது திறக்கப்பெற்றது. தொடக்கத்தில் அதன்கண் இருந்தவை ஏறத்தாழ 1,100 கல்லும் மண்ணும் கனிப்பொருளுமே. 1854-ஆம் ஆண்டிலே எழும்பூர்ப் பாந்தியன் மாளிகைக்கு மாறிற்று. அடுத்த ஆண்டு பால்பர் அவ்விடத்தே உயிருள்ள விலங்குகளையும் வைத்தனர். பின்னர் அவை வேறிடஞ் சென்றன. இவ்விரண்டும் கல்லூரியினின்று தோன்றியமையின், சென்னை மக்கள் விலங்குச் சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் காட்சிசாலையைச் 'செத்த காலேஜ்' என்றும் வழங்கினர். காணும் பொங்கலன்று நாட்டுப்புறத்தினின்று வண்டி கட்டிக்கொண்டு வந்தோர் வழங்கிய அப்பெயர் நகையாட்டாகத் தோன்றினும், மூர்த்தங்களை அங்கு வைத்த பின்னர் ஒரு கடா அப்பெயரினுள்ளே கிடத்தலை உணரலாம். செத்தன எவை? மரக்கட்டையிற் பொருத்தி வைத்த புலியும் பாம்பும் செத்தனவே. அவற்றொடு ஒரு கூரையின்கீழ் நிறுத்தப்பெற்ற அம்பலவாணர் திருமேனி எவ்வகையின்பாற்படும்?

முதலிற் சிற்பங்கள் என்னும் முறையில் அங்குப் புகுந்தவை சைவத்தின்பாற்பட்டன அல்ல. அமராவதியின் பௌத்தச் சிற்பங்களாம். சர் வால்டர் எலியட்டு 1845-ஆம் ஆண்டில் அகழ்ந்தெடுத்துச் சென்னைக்கு அனுப்பியவற்றுட் பெரும்பகுதி 1859-ஆம் ஆண்டில் இலண்டனுக்குக் கப்பலேறின. பின்னர் அகழப்பட்டவற்றுட் பல எழும்பூரில் தங்கின. 1885 முதல் 1908 வரை தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் குலங்களையும் பழக்கங்களையும் ஆராய்தலிற் பெருவிருப்புடையவர். ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்த ஈமத்தாழிப் பொருள்களும், புரூஸ் பூட்டு தேடித் தொகுத்த கற்காலக் கருவிகளும் அக்காலத்து அச்சாலைக்கு வந்து சேர்ந்தன.

செப்புத் திருமேனிகள் ஆண்டுச் சேர்ந்தமைக்குக் காரணம் ஒரு சட்டம். 1878-ஆம் ஆண்டின் ஆறாஞ் சட்டமாகிய புதையற் சட்டம், மண்ணில் மறைந்து கிடந்த மதிப்புடைய எப்பொருளையும் 'புதையல்' என்று வரையறுத்தது. பத்து ரூபாயின் மேற்பட்ட புதையலைக் கண்டோன் கலெக்டருக்கு அறிவித்தல் வேண்டும். அவர் உரியோரை வருமாறு விளம்பரஞ் செய்வர். கண்ட நாளினின்று பின்னோக்க நூறாண்டிற்குள் அது புதைக்கப்பட்டதென நம்புதற்குக் காரணம் இல்லையாயின் 'உடையவர் இல்லாதது' என்று தீர்ப்பளிக்கப்படும். அங்ஙனம் தீர்ந்த பொருளில் வேறு உடன்பாடு இல்லாதவழிக் கண்டோனுக்கு நாலில் மூன்று கூறு. நிலக்கிழவனுக்கு நாலில் ஒரு கூறு. அரசினர் வேண்டின், பொருளின் விலையொடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்துத் தாமே கொள்ளலாம்.

பொற்காசுக் குடத்திற்கு இச்சட்டம் சாலப் பொருந்தும். மூர்த்தங்கட்கோ எனின், நூறாண்டு என்னும் அவ்வெல்லை பெருங்கேடு விளைப்பதாம். பதினான்காம் நூற்றாண்டுத் தொடக்கத்து வடபுலப் படையெழுச்சிக்கு அஞ்சிப் புதைக்கப்பட்ட சோமாஸ்கந்தர், ஏர்முனையிற் பட்டு வெளிப்படுங்கால், அவரைப் புதைத்த சிவாசாரியர் வழியில் எவர் வந்து சான்று கூறவல்லார்? ஒரு கூப்பிடு தூரத்திற் கோயில் நின்றாலும், அக்கோயிற் கல்வெட்டில் அம்மூர்த்தத்தின் பெயரே இருப்பினும், காலம் ஒன்றனாலேயே அவர் உடையவர் இல்லாதவர் ஆயினர். எல்லாப் பொருட்கும் உடையான் என்று தமிழ்மறைகள் போற்றும் இறைவன் திருவுருவுக்கு இங்ஙனம் ஒரு பெயர் வந்து வாய்த்தது. எனினும் அச்சட்டத்தை முற்றும் இகழ்தலும் முறையன்று. அஃது இலதாயின் ஏர்முனையில் வெளிப்பட்ட மூர்த்தங்களுட் பல பாத்திரக் கடையில் உருகி அண்டாவும் குடமும் ஆயிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஐந்தில் ஒரு பங்கு மிகுத்துக் கொடுக்கும் விதியே உழவன் கையினின்று உலைக்களத்திற்குச் செல்லாதபடி திருமேனிகளைக் காத்தது.

வந்து குவிந்த திருமேனிகள் நெடுங்காலம் பெயரும் முறையும் அறியப்படாமல் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தே ஆராய்ச்சி தழைத்தது. து. அ. கோபிநாதராயர் 1914 முதல் வெளியிட்ட இந்துத் திருவுருவவியல் நூலும், கிருஷ்ண சாஸ்திரியார் 1916-ஆம் ஆண்டில் வெளியிட்ட தென்னாட்டுத் தெய்வத் திருவுருவங்களைப் பற்றிய நூலும் ஆகமங்களின் தியான சுலோகங்களை உருவொடு ஒத்துநோக்கும் வழியைக் காட்டின. கோபிநாதராயர் காஞ்சியிற் காமாட்சியம்மை கோயிலின்கண் நின்ற பௌத்தத் திருவுருவங்களையும் 1915-ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளிப்படுத்தினர். அவற்றுள் நின்ற கோலத்துப் புத்தர் உருவம் சென்னைக் காட்சிசாலைக்குச் சென்றது. 1920 முதல் 1940 வரை தலைவராயிருந்த கிரேவ்லி என்பார், தி. நா. இராமசந்திரனாருடன் கூடி 1932-ஆம் ஆண்டில் வெளியிட்ட உலோகத் திருமேனிகளின் அட்டவணை இத்துறைக்கு அடிப்படையாய் நின்றது. பூணூல் கிடக்கும் முறை, தோளணி, ஆடை மடிப்பு முதலிய சிறு வேறுபாடுகளைக் கொண்டு காலம் வகுக்க அதன்கண் முயன்றனர். கிரேவ்லி உயிர்நூல் வல்லவர். சிலந்தி முதலியவற்றை வகைப்படுத்திப் பழகிய கண்ணே திருமேனிகளையும் வகைப்படுத்திற்று. இம்முறை கல்வெட்டில்லாத மூர்த்தங்களை அறிதற்குப் பெரிதும் உதவிற்று என்பதை மறுத்தற்கு இடமின்று.

1930-ஆம் ஆண்டில் அச்சாலையின்கண் அமைந்த இரசாயன ஆய்வுக்கூடம் தனியே கருதத்தக்கது. உப்பேறிய மண்ணில் நெடுநாட் கிடந்த செம்பு, வெளிப்பட்ட பின்னும் உள்ளே அரிக்கப்பட்டுக் கொண்டேயிருக்கும். வெளிறிய பச்சைத் தூள் புள்ளி புள்ளியாகத் தோன்றி உதிரும். ஈரக்காற்றுப் பட்டுழி மேன்மேலும் பரவும். ஆண்டுப் பணிபுரிந்த பரமசிவன் என்னும் இரசாயன அறிஞர் மின்னாற்றலைச் செலுத்தி உப்பினைப் பிரித்தெடுக்கும் முறையைத் திருமேனிகட்குப் பயன்படுத்தினர். திருமஞ்சனமும் எண்ணெய்க்காப்பும் பெற்று வந்த மூர்த்தம் அந்நோயை அறியாது என்பர் சிலர். எலுமிச்சையும் புளியும் இட்டுத் தேய்த்தலால் முகத்தின் கண்ணும் இதழும் மழுங்கிய மூர்த்தங்களைக் கோயில்களில் நாளுங் காண்போர் அவ்வுரையை அப்படியே ஏற்கார். வழிபாடு தேய்க்கும், மண் அரிக்கும்.

இச்சாலையின் திருமேனிகளுள் உலகறிந்தது திருவாலங்காட்டுக் கூத்தப்பெருமான். காரைக்காலம்மையார் தலையால் நடந்து சென்று திருவடிக்கீழ் இருந்து பாடிய தலம் திருவாலங்காடு. அஃது ஐஞ்சபைகளுள் இரத்தினசபை. ஆண்டுச் சபையில் வழிபடப்பெறுவது ஊர்த்துவ தாண்டவம். எழும்பூரில் நிற்பதோ ஆனந்த தாண்டவம். திருவாசியும் விரிசடையும் இன்றி நிற்கும் அத்திருமேனி, அவ்விரண்டும் இன்மையினாலேயே உடலின் சுழற்சியைத் தடையின்றிக் காட்டுகின்றது. அதனையும் வேளாங்கண்ணியினின்று வந்த மற்றொரு கூத்தப்பெருமானையும் நிழற்படத்திற் கண்ட பிரெஞ்சுச் சிற்பியாகிய ரொதான், நேரிற் காணாமலே வியந்தெழுதிய கட்டுரை, அவர் மறைந்து நான்காண்டின் பின்னர் 1921-ஆம் ஆண்டிற் பாரிசில் அச்சேறிற்று.

மேனாட்டார் வியப்பினைப் பெரிதாகப் பேசுவோர் மறந்துவிடுவதொன்று உண்டு. ஆனந்த குமாரசுவாமியின் 'சிவ நடனம்' என்னும் கட்டுரை, 1918-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் நூலாக வெளிவந்து கூத்தப்பெருமானை உலகறியச் செய்தது. அது முதன்முதல் வெளிவந்தது 1912-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், சித்தாந்த தீபிகையில். அத்தீபிகை 1897-ஆம் ஆண்டில் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்கள் தொடங்கிய சைவ மாத வெளியீடு. துடியும் அமைத்த கையும் அனலும் ஊன்றிய பதமும் தூக்கிய திருவடியும் ஐந்தொழிலைக் குறிக்கும் என்னும் பொருளை அக்கட்டுரையாளர் மனவாசகங்கடந்தாரின் உண்மை விளக்கம் முதலிய தமிழ் நூல்களினின்றே எடுத்தாண்டனர். ஆகவே, காட்சிசாலையில் நிற்கும் செம்பு உருவம் வெறுஞ் சிற்பமாகக் காணப்படாமல் பொருளுடைய திருவுருவாகக் காணப்பட்டமைக்குச் சைவ நூலாசிரியரே மூலம் என்க. பலகையில் ஊரும் காலமும் எழுதி வைத்தல் காட்சிசாலையின் பணி. அம்மட்டில் நின்றிருப்பின் திருவாலங்காட்டுப் பெருமான் எண்ணிட்ட செம்பாகவே இருந்திருப்பர்.

இனி, கோயிலின் நீங்கிய திருமேனியைப் பற்றிச் சித்தாந்தம் கூறுவது யாதென ஆராய்தல் வேண்டும். பாலில் நெய் போல எங்கும் விரவி நிற்கும் முதல்வன், அன்பர் வழிபடும் திருவுருவிலும் மெய்யடியார் வேடத்திலும் தயிரில் நெய் போல விளங்கித் தோன்றுவன் என்பது சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தின்கண் உரைக்கப்படும் உண்மை. திருப்பணிக் காலத்தில் மூர்த்தத்தின் கலைகளைக் கும்பத்தில் ஈர்த்து வைத்து, பணி நிறைந்தபின் மீள நிலைபெறுவித்தல் ஆகம வழக்கு. இவ்வழக்கினை நோக்கி, மண்ணிற் கிடந்த மூர்த்தத்திற் சாந்நித்தியம் இல்லையாதலின் அதனைக் காட்சிசாலையில் வைத்தல் குற்றமன்று என்பார் ஒரு சாரார். மீளப் பிரதிட்டை செய்தற்கு விதி இருத்தலின், இன்மையைக் காட்டி உரிமையை நீக்குதல் கூடாது என்பார் மற்றொரு சாரார். பின்னையோர் கூற்றே வலியுடைத்து. எழுந்தருளுவித்தற்கு உரிய திருவுரு, எழுந்தருளுவிக்கப்படாத காலத்தும் உரிய திருவுருவேயாம். ஆயினும் அதனை ஏற்று நாள்வழிபாடு நடத்துதற்கு ஒரு கோயிலும் ஓர் அருச்சகரும் ஒரு விளக்கும் வேண்டும் என்பதை இச்சாரார் மறத்தல் ஆகாது.

சட்டமும் இரு கூற்றினதாயே நின்றது. 1925-ஆம் ஆண்டிற் கல்கத்தா வழக்கொன்றில், பிரிவி கவுன்சிலார் குடும்ப வழிபாட்டு மூர்த்தியைச் சட்ட ஆளாகக் கொண்டு அதன் நலனையும் கருதல் வேண்டும் என்று தீர்ப்பளித்தனர். கோயிலில் இருக்குங்கால் உடைமை கொள்ளும் ஆள். மண்ணில் நூறாண்டு கிடந்துழி உடையவர் இல்லாப் பொருள்! இம்முரணினைத் தீர்க்கும் வாய்ப்பு எதிர்பாராத இடத்து வந்தது. தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், இடிந்த சோழர் காலத்துச் சிவன்கோயில் அருகே 1976-ஆம் ஆண்டில் வெளிப்பட்ட கூத்தப்பெருமான் திருமேனி கலெக்டருக்கு அறிவிக்கப்படாமற் கைமாறி, 1982-ஆம் ஆண்டில் இலண்டனில் ஓர் எண்ணெய்க் கம்பெனியாற் கொள்ளப்பட்டுப் போலீசார் கைப்பட்டது. வழக்கில் தமிழ்நாட்டு அரசினரும், கோயில் சார்பினரும், ஆண்டிருந்த சிவலிங்கமும் உரிமை கோரினர். 1988-ஆம் ஆண்டிலும், மேல்முறையீட்டில் 1991-ஆம் ஆண்டிலும் தீர்ப்பு அவர்கட்குச் சாதகமாயிற்று. பெருமான் அவ்வாண்டே மீண்டனர். பூசையற்று இடிந்து கிடந்த கோயிலும் தன் மூர்த்தியைக் கேட்கும் உரிமை இழந்திலது என்பது ஆங்கில நீதிமன்றத்தில் நிலைநாட்டப்பெற்றது.

சென்னையின் வழியிற் பிற இடங்களிலும் காட்சிசாலைகள் தோன்றின. புதுக்கோட்டையில் 1910-ஆம் ஆண்டிலே அச்சமஸ்தானத்தார் ஒன்று நிறுவினர். தஞ்சை அரண்மனையிற் கலைக்கூடம் 1951-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் திருவெண்காட்டில் மண்ணினின்று வெளிப்பட்ட ரிஷபவாகன தேவரும் தேவியாரும் ஆண்டு எழுந்தருளினர். முதலாம் இராசராசன் ஆட்சியின் இறுதியில், 1011-ஆம் ஆண்டில் தேவரும் அடுத்த ஆண்டில் தேவியாரும் செய்விக்கப்பெற்றமை அக்கோயிற் கல்வெட்டாற் பெறப்படும். இடபத்தின்மேற் கை ஊன்றுதற்குச் சாய்ந்து நிற்கும் தேவர் உளர், இடபம் இன்று. அதே திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரோ சென்னையில் உளர். ஓரூர்த் திருமேனிகள் இரு காட்சிசாலைகளிற் பிரிந்து நிற்பதை நோக்குங்கால், சென்னையின் வளர்ச்சியொடு ஒவ்வோரூரின் குறைவும் உடனெண்ணப்படல் வேண்டும் என்பது போதரும்.

காஞ்சிக்கு நேர்ந்தது இதனினும் கொடிது. ஏறத்தாழ 900-ஆம் ஆண்டளவிற் காஞ்சிச் சிற்பியர் கல்லிற் சமைத்த யோகினியர் உருவங்களை 1926-ஆம் ஆண்டிலே புதுச்சேரிப் பேராசிரியர் ழூவோ துப்ரேய் திரட்டினர். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் பல்லவ ஓவியங்களை 1931-ஆம் ஆண்டில் உலகுக்கு உணர்த்திய அப்பேராசிரியரே இதனையுஞ் செய்தனர் என்பது வியத்தற்குரியது. அவ்வுருவங்கள் பாரிசு வணிகர் ஒருவர் வாயிலாக விற்கப்பட்டு, வாசிங்டன், இலண்டன், பாரிசு, தொராந்தோ, திட்ராய்ட்டு, மின்னியாபொலிசு எனப் பல நகரங்களிற் சிதறின. ஒரு கோயிற் கூட்டம் ஓரிடத்தும் கூடியிருந்து காணப்படாதாயிற்று. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் அவை சென்று நெடுநாளின் பின்னரே வந்தது.

சட்டம் வந்த பின்னும் களவு நின்றிலது. அரியலூர்ப் பகுதியிற் சிரீபுரந்தான் கோயிலினின்று 2006-ஆம் ஆண்டில் திருடப்பட்ட கூத்தப்பெருமானை ஆசுத்திரேலிய நாட்டுத் தேசியக் கலைக்கூடத்தார் 2008-ஆம் ஆண்டில் ஐம்பது இலட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கினர். அது திருட்டுப் பொருளென நிறுவுதற்கு உதவியவற்றுள் முதன்மையானது, 1955-ஆம் ஆண்டிற் புதுச்சேரியில் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், திருமேனி கோயிலில் இருந்த காலத்து எடுத்து வைத்திருந்த நிழற்படம். 2014-ஆம் ஆண்டில் அம்மூர்த்தம் மீண்டது. எனினும் தன் கோயிலுக்குச் செல்லாமற் கும்பகோணத்துத் திருமேனிப் பாதுகாப்பு மையத்தில் வைக்கப்பெற்றது. அம்மையங்கள் காட்சிசாலைகளும் அல்ல, கோயில்களும் அல்ல. கம்பிக் கதவின் பின் நிரைநிரையாக நிற்கும் ஆண்டைத் திருமேனிகளைக் காட்சிசாலையிற் போல மாணவர் கண்டு கற்றற்கும் இடமில்லை; கோயிலிற் போல அடியார் சூழ நின்று பாடுதற்கும் இடமில்லை. எழும்பூரிற் பெயர்ப் பலகையேனும் உண்டு.

படமும் பட்டியலும் இல்லாத சிற்றூர்க் கோயில்களே இன்று மிகுதி. திருமாகறல் போலக் கல்வெட்டுடைய கோயில்களிலே, எம்மன்னன் எவ்வாண்டில் யாது கொடுத்தான் என்பது சுவரில் உளது. எம்மூர்த்தம் எவ்வளவு உயரம், எக்கையில் எக்கருவி, எவ்விடத்தில் வடு என்பன அருச்சகர் நினைவிலன்றி வேறெங்கும் எழுதப்படாத கோயில்கள் பல. கிரேவ்லியும் இராமசந்திரனாரும் 1932-ஆம் ஆண்டிற் காட்சிசாலைத் திருமேனிகட்குச் செய்த அவ்வட்டவணையினைக் கோயிலவர் தம் மூர்த்தங்கட்குச் செய்துகொள்ளத் தடை யாதும் இல்லை. ஒரு முழக்கோலும் ஓர் ஏடும் ஒரு நிழற்படக் கருவியும் அதற்குப் போதும்.

1963-ஆம் ஆண்டிற் செப்புத் திருமேனிகட்கென எழும்பூரில் தனிக் கட்டிடம் எழுந்தது. திருவாலங்காட்டுப் பெருமானைக் காணச் செல்வோருட் பாதரட்சையொடு நின்று நோக்கிச் செல்வாரும் உளர். சுற்றுமுற்றும் நோக்கிவிட்டுக் கைகுவிப்பாரும் உளர். மார்கழித் திருவாதிரையன்று இரத்தினசபையில் வைகறைக்கு முன்னரே திருமுழுக்கு நிகழும். எழும்பூர்ச் சாலை அன்றைக்கும் காலையில் வழக்கம்போலத் திறக்கப்பெறும். அந்நாள் வெள்ளிக்கிழமையாயின், வார விடுமுறை பற்றி மூடப்பட்டிருக்கும்.